அண்டை வீட்டார் யார் என்பதை அரசு தீர்மானிக்கலாமா? வீவக குடியிருப்பாளர்களின் அனுபவங்கள்

ஈசூன்வாசி:

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிப் புளோக் ஒன்றில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு குடியிருக்கலாம் என்பதற்கு 1989 மார்ச் முதல் வரம்பு உண்டு. இன ஒருங்கிணைப்புக் கொள்கை எனப்படும் இதனை அறிவித்தவர் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களில் மலாய்க் குடும்பங்களும் ஹவ்காங்கில் சீனக் குடும்பங்களும் மிகுதியாகச் சேரத் தொடங்கியிருந்த காலம் அது. 1964 இனக் கலவரங்களைக் கண்ட தலைமுறை அதனை வாளாவிருந்து பார்க்கவில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் ஈசூனில் நான்கறை வீட்டுக்குக் குடிவந்தோம். சமையலறைச் சன்னலுக்கு வெளியே உள்ள குழாய்களில் மூங்கில் கழியைச் செருகித் துணி காயவைப்பது அன்றைய வழக்கம். மேல்மாடியில் இருந்த சீன மூதாட்டி துணியைச் சரியாகப் பிழியாமல் கழியை நீட்டினால், காய்ந்துவிட்ட எங்கள் வேட்டி மீண்டும் நனைந்துவிடும். என் தாயாருக்கும் அந்த மூதாட்டிக்கும் பொதுவாக இருந்த மொழி சந்தையில் பழகிய அரைகுறை மலாய் மட்டுமே. முதலில் சன்னலுக்குச் சன்னல் சண்டைதான். பின்னர் ஈரத்துணியை நீட்டுவதற்கு முன்னால் அவர் மேலிருந்து "பாசா, பாசா" (மலாயில் ஈரம்) என்று குரல் கொடுப்பதும், என் தாயார் எங்கள் கழியை உள்ளிழுத்துக்கொள்வதுமாக ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது. ஊருக்குப் போகும்போது எங்கள் வீட்டுச் சாவியை அந்த மூதாட்டியிடம் ஒப்படைத்துச் செல்லும் அளவுக்கு அந்தப் பழக்கம் வளர்ந்தது.

1978 முதல் இயங்கிவந்த வசிப்போர் குழுவின் தேநீர் விருந்துகளுக்கும் நாங்கள் போனதுண்டு. அதிர்ஷ்டக் குலுக்கல், ஓர் உரை, கொஞ்சம் மீகூன் எனும் அரிசி நூடல்ஸ், அவ்வளவுதான். எப்போதும் வரும் அதே முகங்கள்தாம் வந்தன. என் அனுபவத்தில் அவற்றைவிட அதிகம் சாதித்தது புளோக்கின் கீழ்த்தளம்தான். சுவரில்லாமல் திறந்து கிடக்கும் அந்த இடத்தில் மலாய்த் திருமணமும் நடக்கும், சீனர்களின் ஈமச் சடங்கும் நடக்கும். யாரும் யாரையும் அழைக்காமலேயே எல்லாரும் எல்லாவற்றையும் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். என் தந்தையார் காலமான நாளில் அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்தி புறப்பட்டபோது அவர்கள் கொம்பாங் எனும் மலாய்ப் பறையின் முழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். அப்படி நிறுத்தும்படி நாங்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தெம்பனிஸிலிருந்து:

ஈசூன் அன்பர் எழுதியதை மறுக்க எனக்கு மனமில்லை. எங்கள் மாடியிலும் அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் இக்கொள்கைக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதனை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை என்பதும் வீட்டை விற்க முற்படும்போதுதான் தெரியவரும். ஒரு புளோக்கில் அதிகபட்சம் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 விழுக்காடு என்பது 2010 முதல் உள்ள கணக்கு. சீனர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் சீனர் ஒருவர் இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம். அதே புளோக்கில் உள்ள இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க இயலாது. நாட்டின் பெரும்பான்மையினர் வாங்குவோர் பட்டியலிலிருந்து நீங்கிய பிறகு எஞ்சுவோர் எத்தனை பேர்?

எங்கள் வீடு அப்படிப்பட்ட புளோக்கில்தான் இருந்தது. வீட்டைப் பார்க்க வந்த ஓர் இளம் சீனத் தம்பதியர் சன்னல் திசை, மின்தூக்கி, பள்ளியின் தூரம் எல்லாவற்றையும் விசாரித்துத் திருப்தியோடு இருந்தபோது, முகவர் கைத்தொலைபேசியில் வரம்பைச் சரிபார்த்துவிட்டு முடியாது என்று தலையசைத்தார். அவர்களுக்கும் ஏமாற்றம், எங்களுக்கும் ஏமாற்றம். இறுதியில் கேட்ட விலையிலிருந்து கணிசமாக இறங்கி வந்துதான் விற்றோம். நான் கொள்கையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஒற்றுமையால் விளையும் நன்மை நாடு முழுவதற்கும் உரியது என்றால், அதற்கான இழப்பை மட்டும் சிறுபான்மைக் குடும்பம் தனியே ஏற்பது என்ன நியாயம் என்பதே என் கேள்வி.

பிடோக் ரெசர்வார்:

தெம்பனிஸ் அன்பருக்கு ஒரு தகவல். முறையாக முயன்றும் விற்க முடியாமல் திண்டாடும் குடும்பங்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை, நிபந்தனைகள் உண்டு.

நான் பகிர நினைத்தது சச்சரவு பற்றி. 2011 ஆகஸ்டில் நாடே பேசிய கறி விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று பக்கத்து இந்திய வீட்டின் கறி மணத்தைத் தாங்க முடியவில்லை என்று முறையிட, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் இணங்கிய பழைய சமரசம் ஒன்று செய்தித்தாளில் வந்தது. கொதித்துப்போன மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து ஆளாளுக்குக் கறி சமைத்தார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்தே சமைத்தார்கள். அந்தச் சமரசத்தை நடுவர் ஒருவர் திணித்தார் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

பின்னர் மேல்வீட்டில் நள்ளிரவு வரை நடந்த மாஜோங் எனும் சீனக் காய் ஆட்டத்தின் சத்தத்தால் நானே சமரச நிலையத்துக்குப் பேசப் போக நேர்ந்தது. அங்கு அமர்ந்திருந்தவர் தீர்ப்பு எதுவும் சொல்லாத ஒரு தொண்டூழியர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பேசவைத்தார். மேல்வீட்டுக்காரர் தம் தாயாருக்கு உறக்கம் வராததால்தான் வாரக் கடைசியில் உறவினர்கள் கூடி ஆடுகிறார்கள் என்றார்; எனக்கு அதிகாலை வேலை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மேசைமேல் தடித்த கம்பளி விரிப்பது, பதினொரு மணிக்கு ஆட்டத்தை நிறுத்துவது என்று அவரே முன்வந்து சொன்னார். அவ்வப்போது பதினொன்றரை ஆகத்தான் செய்கிறது. இப்போது நான் மேலே போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடுகிறேன், புகார் எழுதுவதில்லை.