பலகை விதிகளைத் திருத்தும் நகரம்: வாடகை விளம்பரத்தை முழுதாக எடுத்துவிடுவதா, கட்டுக்குள் வைப்பதா?

நிழற்சாலை:
பல நகரங்களின் பலகை விதிகள் தகரத்தில் பெயிண்ட் அடித்த காலத்தில் எழுதப்பட்டவை. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது, எல்இடி திரை வந்தது, விதி மட்டும் அங்கேயே நிற்கிறது. திருத்தம் என்று உட்கார்ந்தால் அளவில் நாலு அடியைக் குறைத்து, கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் தன் வாசலில் வைக்கும் பெயர்ப்பலகைக்கு அளவு வைத்தால் போதும். எங்கோ விற்கும் பொருளுக்காக வாடகைக்கு விடும் பலகையை நகரத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

நடக்காத காரியம் இல்லை இது. பிரேசிலின் சாவ் பாவ்லோ 2006 செப்டம்பரில் ‘தூய நகரம்’ சட்டத்தைக் கொண்டுவந்து, 2007 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரில் சுமார் 15,000 விளம்பரப் பலகைகள் இறங்கின. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் அணைத்துவிடலாம், பத்திரிகையில் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். தெருவில் நடப்பவருக்கு அந்த வசதி இல்லை. எல்லோருக்கும் சொந்தமான பார்வையைச் சிலர் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள் என்பதுதான் என் அடிப்படை ஆட்சேபம்.

பலகைக்காரன்:
நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் சாவ் பாவ்லோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். சில வருடங்களிலேயே அதே நகரம் பேருந்து நிழற்குடைகளிலும் தெருக் கடிகாரங்களிலும் விளம்பரம் போட டெண்டர் விட்டது. நிழற்குடையைக் கட்டிப் பராமரிக்கக் காசு வேண்டுமே! விளம்பர நிறுவனம் தன் செலவில் நிழற்குடை கட்டித் தரும், பதிலுக்கு அதில் விளம்பரம் போட்டுக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை ஜேசிடெக்கோ என்ற பிரெஞ்சு விளம்பர நிறுவனம் 1964-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது. இன்றுவரை பல நகரங்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

பிரான்சின் கிரெனோபிளும் அப்படித்தான். 2014-இல் விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், 326 பலகைகள் அகற்றப்பட்டன. ஆனால் பேருந்து, டிராம் நிறுத்தங்களில் விளம்பரம் தொடர்ந்தது, ஏனென்றால் அது போக்குவரத்து அமைப்போடு போட்ட தனி ஒப்பந்தம். ஆக, முழுத் தடை என்று பெயர் வைத்தாலும் தனியார் நிலத்தில் இருந்த விளம்பரம் அரசு சார்ந்த இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். நடுவில் அடிபடுவது மொட்டைமாடியை வாடகைக்கு விட்டவரும், சாரம் ஏறி ஃபிளெக்ஸ் கட்டுகிற தொழிலாளியும்.

நிழற்சாலை:
நீங்கள் சொன்ன இரண்டு உதாரணமும் என் பக்கம்தான் நிற்கின்றன. நிழற்குடை விளம்பரம் ஆள் உயரத்துக்கு மேல் போவதில்லை. வருமானம் எதற்குப் போகிறது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது. இடம் நகரத்துடையது, வேண்டாம் என்றால் அடுத்த டெண்டரில் நிறுத்திவிடலாம். நாலு மாடி உயரத்தில் தனியார் நிலத்தில் நிற்கும் இரும்புச் சட்டத்தை அப்படி நிறுத்த முடியுமா? நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி வருடக்கணக்கில் ஓட்டலாம். தொழிலாளி விஷயத்தை நான் தள்ளிவிடவில்லை. அவகாசம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

முனைக்கடை:
பெரிய பலகைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த மாதிரிச் சட்டம் வந்தால் முதலில் அளவெடுக்க வருவது எங்களைப் போன்ற சின்னக் கடைக்குத்தான். சாவ் பாவ்லோ சட்டத்தில் முகப்பு 10 மீட்டருக்குக் குறைவான கடைக்கு அனுமதித்த பலகை 1.5 சதுர மீட்டர். அதாவது 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம்.

அதில் என்ன எழுதலாம் என்று பாருங்கள். மேலும் கீழும் இடம் விட்டால் எழுத்துக்கு 30 சென்டிமீட்டர், அதாவது 12 அங்குலம் கிடைக்கும். ஓர் அங்குல எழுத்தை 30 அடியிலிருந்து படிக்கலாம் என்பது பலகை வடிவமைப்பாளர்கள் போடும் கணக்கு. ஒரே வரி என்றால் 360 அடியிலிருந்து தெரியும், தாராளம். இரண்டு மொழியில் எழுத வேண்டும் என்றால் எழுத்து 6 அங்குலமாகிறது, தூரம் 180 அடியாகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் அதை 4 வினாடியில் கடந்துவிடுவார். அதற்குள் படித்து, கண்ணாடியைப் பார்த்து, ஓரம் கட்ட வேண்டும். என்ன கடை என்பதற்கு இன்னொரு வரி சேர்த்தால் இன்னும் மோசம். நடந்து போகிற சந்துக்கு 1.5 சதுர மீட்டர் சரி. ஆறுவழிச் சாலைக்கும் அதே அளவா? முகப்பின் நீளத்தோடு சாலையின் அகலத்தையும் வேகத்தையும் பார்த்து அளவு வையுங்கள்.

நிழற்சாலை:
முனைக்கடை சொல்வது முழுக்க நியாயம், திருத்த வரைவில் அது இருக்கத்தான் வேண்டும். பக்கத்துப் பெரிய பலகைகள் போனால் உங்கள் சின்னப் பலகை இன்னும் நன்றாகத் தெரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968-இல் சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடை செய்தது. அவகாசம் கொடுத்து எடுத்ததில் 1970களின் நடுவில் எல்லாம் போய்விட்டன. பதிலுக்கு, ஒரே அளவில் ஒரே வடிவில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வழிகாட்டும் சின்னப் பலகைகளை அரசே வைத்தது. பெரிய நிறுவனத்துக்கும் சின்னக் கடைக்கும் அங்கே ஒரே அளவு எழுத்து.

இரும்புத்தூண்:
கட்டமைப்புப் பொறியாளனாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அழகு, பார்வை எல்லாம் அப்புறம். முதலில் இது காற்றில் நிற்குமா?

40-க்கு 20 அடிப் பலகை என்பது ஏறக்குறைய 74 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 47 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். மொத்தம் மூன்றரை டன், அதுவும் பக்கவாட்டில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில். பலகையின் வடிவத்தைப் பொறுத்து இந்த விசையைப் பெருக்க வேண்டிய எண்ணை இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 140 கிலோமீட்டருக்குப் போனாலே சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்த விசை முழுவதும் கடைசியில் வந்து சேருவது தூணின் அடித்தட்டில் இருக்கும் சில போல்ட்டுகளிலும் அதைச் சுற்றிய வெல்டிங்கிலும்தான். மழைநீர் தேங்கித் துருப்பிடிப்பதும் சரியாக அதே இடம். மேலே புது ஃபிளெக்ஸ் பளபளக்கும், கீழே தட்டு செதில் செதிலாக உரிந்திருக்கும்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மீது பலகை சாய்ந்து 17 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நகரத்தில் அளவு விதி இல்லாமலா இருந்தது? 40-க்கு 40 அடிதான் உச்சவரம்பு. நின்றது 120-க்கு 120 அடி, பரப்பில் ஒன்பது மடங்கு. நிலம் ரயில்வே காவல்துறையின் கையில் இருந்தது, மாநகராட்சியோ தான் அனுமதியே தரவில்லை என்றது. ஆகவே திருத்தத்தின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: நகர எல்லைக்குள் நிலம் யாருடையதாக இருந்தாலும், ரயில்வே, துறைமுகம், காவல்துறை உட்பட, பலகைக்கு ஒரே விதி, ஒரே அனுமதி அதிகாரம்.

பலகைக்காரன்:
இதில் எனக்கு மறுப்பே இல்லை. முறையாகத் தொழில் செய்கிறவனுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். நாங்கள் கட்டணம் கட்டி, மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சான்று வாங்கி, மாதக்கணக்கில் கோப்பு நகரக் காத்திருப்போம். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக இரும்புச் சட்டத்தை நட்டுவிடுவார். முழுத் தடை வந்தால் முகவரி உள்ள எங்கள் பலகைதான் முதலில் இறங்கும். முகவரி இல்லாதது நின்றுகொண்டே இருக்கும். தடை போட ஒரு கையெழுத்து போதும். எடுக்க கிரேன் வேண்டும், ஆள் வேண்டும், எதிர்ப்பவர் யாராக இருந்தாலும் பின்வாங்காத அதிகாரி வேண்டும். அதற்கான ஏற்பாட்டை யாரும் வரைவில் எழுதுவதில்லை.

நிழற்சாலை:
முகவரி இல்லாத பலகை என்று ஒன்று கிடையாது. பலகையின் நடுவிலேயே ஒரு பெயரும் பொருளும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இரும்புச் சட்டம் நட்டவரைத் தேடி அலையாமல் விளம்பரம் கொடுத்தவருக்கே அபராதம் போடுங்கள், நாள் கணக்கில் ஏறட்டும். அனுமதி எண் இல்லாத இடத்தில் விளம்பரம் கொடுக்கப் பெரிய நிறுவனங்கள் தாமாகவே தயங்கும்.

சட்டப்பிரிவு:
இடையில் ஓர் எச்சரிக்கை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து அளவை மாற்றுகிற விதி நீதிமன்றத்தில் தடுக்கி விழும் இடம் அதிகம். அமெரிக்காவின் அரிசோனாவில் கில்பர்ட் என்ற ஊர் கருத்துப் பலகைக்கு 20 சதுர அடி, தேர்தல் பலகைக்கு 32 வரை, கூட்டத்துக்கு வழிகாட்டும் பலகைக்கு வெறும் 6 என்று விதி வைத்திருந்தது. அந்த வழிகாட்டிப் பலகையும் கூட்டத்துக்கு 12 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த ஒரு மணி நேரம் வரைதான் நிற்கலாம். சின்னத் தேவாலயம் ஒன்று வழக்குப் போட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்த விதி செல்லாது என்றார்கள்.

ஆனால் 2022-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகர வழக்கில், தான் நிற்கும் இடத்தைச் சேர்ந்த பலகை, வேறிடத்து வியாபாரத்துக்கான பலகை என்று பிரிப்பதை அதே நீதிமன்றம் 6-3 என ஏற்றது. நிழற்சாலை கேட்கும் பிரிவினை ஏறக்குறைய இதுதான். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உண்மை. இருந்தாலும் அளவு, உயரம், இடைவெளி, நாள் கணக்கு ஆகியவற்றை வைத்து எழுதிய விதி எங்குமே உறுதியாக நிற்கும். கட்சிப் பேனருக்கு, விழாப் பேனருக்கு என்று விலக்கு எழுத ஆரம்பித்தால் கடைசியில் விலக்குதான் மிஞ்சும். தற்காலிகப் பலகை எல்லாவற்றுக்கும் ஒரே நாள் கணக்கு வையுங்கள், யார் வைத்தாலும் சரி.

மூன்றாம்மாடி:
எல்இடி திரைக்கு எதிரில் குடியிருப்பவள் நான். திரை மாறும்போதெல்லாம் படுக்கையறைச் சுவர் நீலம், சிவப்பு, வெள்ளை என்று மாறும். திரைச்சீலை தடுப்பது பாதிதான். திரைக்கு எவ்வளவு வெளிச்சம் என்று விதி எழுதுகிறவர்கள், அது என் சன்னலில் எவ்வளவு விழுகிறது என்றும் அளக்க வேண்டும். இரவு இத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பலகைக்காரன்:
அம்மா, உங்கள் புகார் சரியானது, அதற்குத் தீர்வும் இருக்கிறது. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். சுற்றியிருக்கும் வெளிச்சத்தைவிடத் திரையால் 0.3 அடி-மெழுகுக்கு (ஃபுட்-கேண்டில்), அதாவது சுமார் 3 லக்ஸுக்கு மேல் கூடக் கூடாது என்பது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இருக்கும் வரம்பு. இருட்ட இருட்டத் தானே மங்கும் சென்சாரும் உண்டு. படம் எத்தனை வினாடிக்கு ஒருமுறை மாறலாம் என்பதற்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறை 2007-இல் 4 முதல் 10 வினாடி என்று சொல்லி 8-ஐப் பரிந்துரைத்தது. ஒழுங்காக வைத்த திரை யாருக்கும் தொந்தரவு இல்லை.

நிழற்சாலை:
8 வினாடி யாருக்கு வசதி? 50 கிலோமீட்டர் வேகத்தில் 8 வினாடி என்றால் 110 மீட்டர். திரை அரை கிலோமீட்டர் முன்னாலிருந்தே தெரிந்தால் ஓட்டுநர் நாலைந்து படத்தைப் பார்த்துவிடுவார். மாறுகிற எதையும் கண் தானாகத் திரும்பிப் பார்க்கும். விளம்பரதாரர் காசு கொடுப்பதும் அதற்குத்தான். 100 கார்களில் கேமரா வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. சாலையிலிருந்து 2 வினாடிக்கு மேல் கண்ணை எடுத்தால் விபத்து, நூலிழையில் தப்பும் நிலை இரண்டுக்குமான அபாயம் குறைந்தது இரட்டிப்பாகிறது என்றது. அந்த 2 வினாடியில் வண்டி 28 மீட்டர் ஓடியிருக்கும், நடுவில் ஒரு பாதசாரிக் கோடு இருக்கலாம். சந்திப்புகளுக்கு அருகில் திரையே கூடாது என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பலகைக்காரன்:
சந்திப்பில் வேண்டாம் என்றால் சரி, அதை எங்கள் தரப்பில் பலரும் ஏற்பார்கள். ஆனால் அதைக் காட்டி நகரம் முழுக்க எடுக்கச் சொல்வது வேறு. உரிமக் காலம் முடியாத பலகையை எடுக்கச் சொன்னால் இழப்பீடு யார் தருவது? அமெரிக்காவின் 1965 நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் இழப்பீடு கட்டாயம் என்றதால் பழைய பலகைகளை எடுக்கும் வேலை ஆமை வேகத்தில்தான் போனது.

இரும்புத்தூண்:
தடையா அனுமதியா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் வந்துவிடும். இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு பிரிவை எழுதுகிறேன். ஒவ்வொரு பலகையின் அடித்தூணிலும், நடந்து போகிறவர் படிக்கும் உயரத்தில், உரிம எண், அது முடியும் தேதி, கடைசியாகச் சோதித்த நாள், சான்றளித்த பொறியாளரின் பதிவு எண் நான்கும் இருக்க வேண்டும். சோதனை வருடத்துக்கு ஒருமுறை, பெருங்காற்றுக் காலத்துக்கு முன்னால். சோதிக்கும் பொறியாளருக்குச் சம்பளம் உரிமக் கட்டணத்திலிருந்து நகரமே தர வேண்டும், பலகை உரிமையாளர் தரக்கூடாது. உரிமம் கொடுக்கும்போதே அகற்றும் செலவை முன்பணமாக வாங்கிவிட வேண்டும். உரிமம் முடிந்தும் 7 நாளில் எடுக்காவிட்டால் அந்தப் பணத்தில் நகரம் எடுக்கும்.

பலகைக்காரன்:
முன்பணம் கட்ட நான் தயார். பொறியாளரை நகரமே அனுப்பட்டும், அதுவும் நல்லதே. ஆனால் 7 நாள் என்பது அதிகாரிக்கும் சேர்த்துத்தான் என்று எழுதுங்கள். நாங்கள் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்து அவர் பதில் சொல்லாமல் வைத்திருந்தால் அந்த நாட்கள் எங்கள் கணக்கில் சேரக்கூடாது. முழுத் தடையைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசத்தான் போகிறேன்.

நிழற்சாலை:
பேசுங்கள், நானும் வருவேன். இரும்புத்தூண் எழுதிய பிரிவை இன்றே ஆதரிக்கிறேன், ஒரே ஒரு சேர்க்கையோடு: உரிமம் முடிந்த பலகைக்கு அதே இடத்தில் புது உரிமம் கிடையாது. இருக்கிறவை காலம் முடிய முடிய இறங்கட்டும். யாருக்கும் இழப்பீடு தர வேண்டியிருக்காது, சாரம் ஏறுகிறவருக்கு வேறு வேலை தேட அவகாசமும் இருக்கும்.

முனைக்கடை:
அப்படியே சாலை அகலத்துக்கு ஏற்ற பெயர்ப்பலகை அளவையும் அதே வரைவில் சேர்த்துவிடுங்கள். பெரியவர்கள் பேச்சு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று எங்களைத் தள்ளிவைத்தால், பழைய அளவை வைத்தே எங்கள் பலகையைக் கழற்ற வந்துவிடுவார்கள்.