அவசரம்: எம்பி3 பிளேயரில் பாட்டு வரவில்லை, லப்டொப்பில் எல்லாம் இருக்கிறது

கொட்டாஞ்சேனை_கண்ணன்:
அப்பாவுக்கு வாங்கிய சின்ன எம்பி3 பிளேயரில் ஒரு பாட்டும் வரவில்லை. அதே மெமரி காட்டை லப்டொப்பில் போட்டால் எல்லாம் இருக்கிறது, போனில் போட்டால் பாடுகிறது. சனி காலை அவர் கோட்டையில் யாழ்ப்பாண ரயில் ஏறுகிறார், அதற்குள் சரியாக வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நிலா_தெஹிவளை:
காட் எத்தனை ஜிபி? பாட்டுகள் எங்கே எடுத்தவை? திரையில் என்ன வருகிறது?

பாபு_நானா:
தம்பி, காட் புறக்கோட்டையில் வாங்கியதா? அப்படியென்றால் போலியாக இருக்கும். நான் அங்கே ஒரு கடையில் 128 ஜிபி என்று எழுதிய காட் ஒன்று வாங்கினேன், 8 ஜிபி தாண்டிப் போட்ட எதுவும் திறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, காட் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். அதை ஓட விடுங்கள்.

ஷாமினி:
கேபிளைப் பாருங்கள். சில கேபிளில் சார்ஜ் மட்டும்தான் போகும், பாட்டு போகாது.

காலிவீதி_100:
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது, இங்குள்ள பழைய கேள்வி பதில் இழைகளை யாரும் படிப்பதில்லை. "பாட்டு வரவில்லை" என்று மட்டும் எழுதுவது வைத்தியரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்வது போல. பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வது இதுதான்: எம்4ஏ என்ற வேறு வகைப் பாட்டு பைலை இறக்கி, பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றிவிட்டு, அது எம்பி3 ஆகிவிட்டதாக நினைப்பார்கள். போன் உள்ளே பார்த்து அடையாளம் கண்டு பாடிவிடும், மலிவுப் பிளேயருக்கு அது முடியாது. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள்.

பாபு_நானா:
அந்தப் பிள்ளை அவசரத்தில் கேட்கிறது, நீங்கள் வாத்தியார் மாதிரிப் பேசினால் எப்படி?

கொட்டாஞ்சேனை_கண்ணன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பிளேயரில் பெயர் எதுவும் இல்லை, தீப்பெட்டி அளவு, கறுப்பு, 5 பொத்தான். காட் 64 ஜிபி, புதிது, லப்டொப்பில் நேராகப் போட்டுத்தான் ஏற்றினேன், கேபிள் இல்லை. திரையில் "காட் இல்லை" என்று வருகிறது.

நிலா_தெஹிவளை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! காட்டின் மேல் பொடி எழுத்தில் எக்ஸ்சி என்று இருக்கும், பாருங்கள். போர்மட் என்றால் காட்டில் பைல்களை அடுக்கும் முறை. 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபாட் முறையில்தான் போர்மட் ஆகி வரும், 32 ஜிபி வரை ஃபாட்32 முறையில். போனும் லப்டொப்பும் இரண்டையும் படிக்கும், இந்த மாதிரிப் பிளேயர்கள் பெரும்பாலும் ஃபாட்32 மட்டும். விண்டோஸில் வலது பொத்தான் அழுத்திப் போர்மட் போனால் 64 ஜிபிக்கு ஃபாட்32 தெரிவே பெரும்பாலும் காட்டாது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். நேரம் இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் 16 அல்லது 32 ஜிபி காட்டைப் போடுங்கள். ஒரு பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 16 ஜிபியில் 3000 பாட்டுக்கு மேல் கொள்ளும். அப்பாவுக்குப் போதும்தானே?

மருதானை_ரிஸ்வி:
இந்தக் காலத்தில் பிளேயர் எதற்கு? அப்பிளின் பிரபல பிளேயர் ஐபொட்டையே 2022இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு பழைய போனைக் கொடுங்கள்.

ஷாமினி:
போன் கண்ணாடியைத் தடவி எந்தப் பொத்தான் எது என்று கண்டுபிடிக்க முடியாது ரிஸ்வி. என் அம்மாவுக்குக் கண் மங்கல். பிளேயரின் நடுப் பொத்தானில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டேன், சின்ன மேடு மாதிரி நிற்கும். இருட்டிலும் விரல் அங்கே போய்விடும். போனில் அழைப்பு வரும், விளம்பரம் வரும், பாட்டு நடுவில் நின்றால் யாரைக் கூப்பிடுவார்?

மருதானை_ரிஸ்வி:
வானொலி இருக்கிறதே.

ஷாமினி:
வானொலி அவர்கள் விரும்பியதைப் பாடும். அம்மா விரும்பியதை யார் பாடுவார்?

காலிவீதி_100:
போனா பிளேயரா என்பது இந்த இழைக்குத் தேவையில்லாத பேச்சு. நிலா சொன்னது சரி, காட் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் போர்மட் பிரச்சினைதான். ஆனால் காட்டை மாற்றிய பிறகு சில பாட்டுகள் ஓடாவிட்டால் என் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

கொட்டாஞ்சேனை_கண்ணன்:
பழைய கமராவில் 16 ஜிபி இருந்தது. போட்டேன், பாடுகிறது! 3 பாட்டு மட்டும் வரவில்லை, காலிவீதி அண்ணா சொன்ன அதே எம்4ஏ. எல்லோருக்கும் நன்றி. ஆனால் 01, 02 என்று பெயர் வைத்தும் வரிசை குழம்புகிறது, காலையில் சாமிப் பாட்டு முதலில் வர வேண்டும் என்கிறார்.

நிலா_தெஹிவளை:
இந்தப் பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, காட்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாமிப் பாட்டுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள், அப்புறம் மற்றவை. மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள்.

பாபு_நானா:
தம்பி, சரி வந்ததா?

பாபு_நானா:
ரயில் ஏறியாச்சா?