ரொட்டிக்கடைப் பலகைக்கு மிஸ்ட்ரால் எழுத்துரு: மறுத்துவிடலாமா?

கூர்முனை:
பாரிஸ் புறநகரில் ஒரு ரொட்டிக்கடைக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கிறேன். மிஸ்ட்ரால்தான் வேண்டும் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். முடிதிருத்தகம், பூக்கடை, உணவகம் என்று பிரான்சில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற அதே கையெழுத்து எழுத்துரு. ஊரே ஒரே ஆளின் கையெழுத்தில் கடை திறந்தால் அதில் என்ன தனித்தன்மை? மறுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பழைய அச்சகம்:
நாற்பது வருடம் அச்சுக்கோர்த்தவன் என்ற முறையில் கோபம் வருகிறது. 1953இல் மார்செய் நகரத்து ஒலீவ் வார்ப்பகம் வெளியிட்ட எழுத்து அது. ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே அடிப்படையாக வைத்து வரைந்தார். அன்று எல்லாம் ஈயம். ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, ஆனால் அச்சில் கையெழுத்துப் போல ஒன்றோடொன்று சேர்ந்து தெரிய வேண்டும். ஒரு கட்டையின் வலது ஓரத்தில் வால் எந்த உயரத்தில் முடிகிறதோ, பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மயிரிழை பிசகினால் கோடு அறுந்து நிற்கும். அச்சில் தனித்தனியாக நிற்கும் தமிழ் எழுத்தோடு பழகிய நமக்கு இந்தத் தலைவலி எளிதில் புரியாது. இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் எழுத்துகளை வரியில் துள்ளவிட்டிருக்கிறார் மனிதர். ரோன் பள்ளத்தாக்கில் சீறி வரும் காற்றின் பெயரைச் சும்மாவா வைத்தார்கள்?

கூர்முனை:
ஐயா, அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரொட்டிக்கடையைக் குறிக்கும் 'பூலான்ஜரி' (boulangerie) என்ற பிரெஞ்சுச் சொல்லில் 'ஈ' (e) இரண்டு முறை வருகிறது, இடையில் இரண்டே எழுத்துகள். மிஸ்ட்ராலில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கையால் எழுதுகிறவனுக்கு அப்படி வருமா? இன்றைய ஓபன்டைப் என்ற கணினி எழுத்துரு வடிவத்தில் ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு வடிவங்கள் வைக்கலாம். அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து எழுத்துருவே மாற்றிக்கொள்ளும்.

பழைய அச்சகம்:
ரொட்டி வாங்க வருகிறவர் இரண்டு 'ஈ'யையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டா உள்ளே நுழைவார்?

தெருவோரம்:
எழுத்துருவைவிட அதைக் கையாளும் விதம்தான் மோசம். நானே ஒரு அழைப்பிதழை மிஸ்ட்ராலில், முழுவதும் பெரிய எழுத்துகளிலேயே (கேப்பிடல்) அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வதற்காக வரையப்பட்டவை அல்ல. பல்வரிசையில் இடையிடையே பல் விழுந்தது போல இருந்தது. அது போதாதென்று வரி அகலமாகத் தெரிய எழுத்து இடைவெளியைக் கூட்டினேன். சேர்ந்திருந்த கொஞ்ச நஞ்சமும் அறுந்தது. கூர்முனை, நீங்கள் மறுத்தால் வேறொருவர் இதையேதான் செய்து கொடுப்பார்.

கூர்முனை:
அந்த வாதம் மட்டும் கொஞ்சம் உறைக்கிறது. இரண்டு மாதிரிகளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, கடைக்காரரைத் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று பார்க்கச் சொன்னேன். நான் தேர்ந்த புதிய எழுத்துருவைக் காட்டி, "இது திருமண அட்டை மாதிரி இருக்கிறது" என்றார். மிஸ்ட்ராலே போகிறது. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பழைய அச்சகம்:
பிடிக்க வேண்டாம், ஒழுங்காகச் செய்யுங்கள். வினைல் தாளில் வெட்டுவதாக இருந்தால் முதலில் எழுத்துகளை ஒரே உருவமாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் எல்லாம் கத்தி குறுக்கே வெட்டிவிடும்.