திரவ நைட்ரஜனும் நைட்ரிக் ஆக்சைடும்: சினை பிடிக்காமைக்குத் தொடர்பு உண்டா?

கோத்தகிரி மாட்டுக்காரர்:
எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று, சினை ஊசி போட்ட மூன்றாம் வாரத்தில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு விந்தணுவைக் கெடுக்கும் என்று படித்தேன். உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில்தானே வைக்கிறார்கள். அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகுமா? அர்ஜினின் கலந்த தீவனம் கொடுக்கலாமா?

குன்னூர் உயிர்வேதியியல் ஆசிரியர்:
உண்டாகாது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் எதனோடும் எளிதில் வினைபுரியாது. நைட்ரிக் ஆக்சைடோ உயிரணுவுக்குள்ளேயே, அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, ஆக்சிஜனின் துணையோடு ஒரு நொதியால் உருவாக்கப்படுவது. இரத்தக் குழாய்களில் அது தகவல் சொல்லும் மூலக்கூறாகச் செயல்படுவதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அது விந்தணுவைக் கெடுக்கும் என்பது பாதி உண்மைதான். குறைந்த அளவில் அது, உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஜிஎம்பி என்னும் மூலக்கூறைப் பெருக்கி, விந்தணுவின் நீந்தும் வேகத்தையும், கருமுட்டைக்குள் நுழையும் தகுதியை விந்தணு பெறுவதையும் ஊக்குவிக்கிறது. அளவு மிஞ்சினால், சூப்பர்ஆக்சைடு என்னும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்து, பெராக்சிநைட்ரைட் என்னும் கேடு செய்யும் பொருளாக மாறி, விந்தணுச் சவ்வின் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியையும் தடுத்துவிடுகிறது. கருவிலும் இதே நிலைதான்: ஆய்வகத்தில் வளர்த்த எலிக் கருக்களில் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் அந்த நொதியைத் தடுத்தபோதும் வளர்ச்சி நின்றது, நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாகச் சேர்த்தபோதும் நின்றது.

உதகை கால்நடை மருத்துவர்:
ஆசிரியர் சொன்னதோடு, தொழுவத்துக்குத் தேவையானதைச் சேர்க்கிறேன். அர்ஜினினைத் தீவனத்தில் அப்படியே கலந்தால் அதில் பெரும்பகுதியை அசையூண் வயிற்றின் நுண்ணுயிர்களே சிதைத்துவிடும். எனவே அதற்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. உறைய வைத்து உருக்குவதே விந்தணுவில் ஆக்சிஜனேற்றப் பாதிப்பை உண்டாக்குகிறது. அதைக் கூட்டாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்கிய பின், நம் மலையின் காலைக் குளிரில் சில்லிட்ட கருவூட்டல் கருவியில் பொருத்தினால் விந்தணு குளிரதிர்ச்சிக்கு உள்ளாகும். கருவியை முன்னதாகவே சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி போடுவது பொருத்தமானது.

கோத்தகிரி மாட்டுக்காரர்:
நன்றி ஐயா. அப்படியானால் மூன்றாம் வாரத்தில் திரும்புவது கருவே உருவாகவில்லை என்பதற்கு அடையாளமா?

உதகை கால்நடை மருத்துவர்:
அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கரு உருவாகி, ஏழாம் நாளளவில் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் உட்குழிவுள்ள உயிரணுப் பந்து நிலையை எட்டி, அதன் பிறகு சில நாட்களுக்குள் இறந்திருந்தாலும் பசு ஏறத்தாழ 21-ஆம் நாளில் பருவத்துக்கு வரும். தொடர்ந்து இப்படியே நடந்தால், கருப்பையில் அழற்சி இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். அழற்சியுள்ள திசுவில் நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாகச் சுரப்பதால், ஆசிரியர் குறிப்பிட்ட அந்த அளவு மீறல் அங்கேதான் நிகழ வாய்ப்பு அதிகம்.