ஆக்டேவியா 1.8 டர்போ: பிசிவியை எடுத்துடலாமா, கேட்ச் கேன் போடலாமா?

கானாடுகாத்தான்_ஆர்எஸ்

2004 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 1,40,000 கி.மீ. ஓட்டம் பெரும்பாலும் காரைக்குடி வரைக்கும்தான். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினா உள்ளே ஆயில் வழியுது. ஐடிலிங்ல விசில் சத்தம். பூஸ்ட்ல (டர்போ அழுத்தத்துல) ஓட்டிட்டு பானட்டைத் திறந்தா டிப்ஸ்டிக் அரை இஞ்ச் எழும்பி நிக்குது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் குறையுது. பிசிவியை (எஞ்சின் அடிப்பாகமான கிராங்க்கேஸ்ல சேர்ற ஆவியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புற வால்வ், ஹோஸ் செட்) மொத்தமா எடுத்துட்டு, ஆவி வெளியேறுற பிரீதர் ஹோஸைக் கீழே தொங்கவிடலாம்ங்கிறாங்க பட்டறையில. சரியா வருமா? இல்ல அந்த ஆவியில வர்ற ஆயிலைப் பிடிச்சு வைக்கிற கேட்ச் கேன்தான் போடணுமா?

செக்வால்வ்

ரெண்டுக்கும் அவசரப்படாதீங்க. முதல்ல கம்பெனி கொடுத்த பிசிவி உயிரோட இருக்கான்னு பாருங்க.

இந்த எஞ்சின்ல பிளாக்ல இருந்து வர்ற பிரீதரும் வால்வ் கவர் பிரீதரும் ஒண்ணா சேர்ந்து, அப்புறம் ரெண்டு வழியாப் பிரியும். ஐடிலிங்ல மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) வேக்கும் செக் வால்வ், அதாவது ஒருவழி வால்வ் வழியா ஆவியை இழுத்துக்கும். பூஸ்ட் ஏறினதும் செக் வால்வ் மூடிக்கும்; ஆவி வட்டமான பிரஷர் வால்வைத் தாண்டி டர்போ இன்லெட்டுக்குப் போகும். செக் வால்வ் மூடாம நின்னுட்டா பூஸ்ட் நேரா கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். டிப்ஸ்டிக் எழும்புறது அதனாலதான் இருக்கும். விட்டா அடுத்து ரியர் மெயின் சீல் (கிராங்க் பின்பக்க ஆயில் சீல்) போகும். அதை மாத்த கியர்பாக்ஸை இறக்கணும்.

வால்வைக் கழற்றி வாயால ஊதிப் பாருங்க. கிராங்க்கேஸ் பக்கமிருந்து ஊதினா காத்து போகணும், மேனிஃபோல்ட் பக்கமிருந்து துளிகூடப் போகக்கூடாது. ரெண்டு பக்கமும் போச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க, கழுவிப் போட்டு பிரயோஜனமில்ல.

விசிலுக்கு, மேனிஃபோல்டுக்கு அடியில போற வளைவு ஹோஸைக் கை விட்டுப் பாருங்க. மேல பார்த்தா நல்லாத்தான் தெரியும். வளைவோட அடிப்பக்கம் ஊறின அப்பளமாட்டம் நொளநொளன்னு இருக்கும். அமுக்கினா வெடிப்பு வாயைத் திறக்கும்.

தேவகோட்டை_டீசல்

அண்ணே, பழைய டீசல் வண்டியில பிரீதரைத் தொங்கவிட்டு எத்தனையோ வண்டி ஓடுது. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

செக்வால்வ்

தம்பி, பழைய டீசல்ல திராட்டில் கிடையாது, அதனால மேனிஃபோல்ட்ல சொல்லும்படியா வேக்கும் வராது. பெட்ரோல்ல அந்த வேக்கும்தான் கிராங்க்கேஸுக்குள்ள தேங்குற நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் வெளியேத்துது. அதை அடைச்சுட்டா ரெண்டும் ஆயில்லயே தங்கும். பதினஞ்சு கி.மீ. ஓட்டத்துல ஆயில் நல்லா சூடாகுறதுக்குள்ள எஞ்சினை அணைச்சுடுறோம். ஐப்பசி மழையில ஃபில்லர் மூடிக்கு அடியில மோர் மாதிரி படியுறது இதுதான். 1.8 டர்போவுக்கு ஏற்கெனவே கசடு சேர்ற கெட்ட பேரு. கசடு ஆயில் பிக்கப் வலையை அடைச்சா முதல்ல பட்டினி கிடக்கிறது டர்போ பேரிங்.

மேனிஃபோல்ட் வழியை அடைக்காம ஹோஸை மட்டும் திறந்துவிட்டா இன்னும் மோசம். மாஸ் ஏர் சென்சார் அளக்காத காத்து உள்ளே போய் பெட்ரோல்-காத்துக் கலவையில பெட்ரோல் குறையும், கூடவே நம்ம ஊர் செம்மண் புழுதியும் போகும். வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்கிற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தனி வம்பு. ஏசி போட்டா கேபினுக்குள்ள ஆயில் நாத்தம் வேற.

லேத்_பட்டறை

கேன் வாங்குறதுக்கு முன்னாடி பிஸ்டன் ரிங்கையும் பாத்துடுங்க. டிப்ஸ்டிக் குழாய்ல 2 மீட்டர் தெளிவான டியூப்பை மாட்டி, U மாதிரி தொங்கவிட்டு, பாதிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் கலர் தண்ணி ஊத்துங்க. ஐடிலிங்ல தண்ணி எஞ்சின் பக்கம் லேசா ஏறினா நல்லது. வெளிப்பக்கம் தள்ளினா வழி எங்கேயோ அடைச்சிருக்கு, இல்லேன்னா ரிங் தேஞ்சிருக்கு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க, தண்ணி உள்ளே போயிடும்.

கம்ப்ரெஷன் எடுக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் கட் பண்ணி, திராட்டிலை முழுசாத் திறந்து வைங்க. அழுத்தம் 7 பாருக்குக் கீழ போனாலோ, சிலிண்டருக்கு சிலிண்டர் 3 பாருக்கு மேல வித்தியாசம் இருந்தாலோ கேன் வாங்குற காசை ரிங்குக்கு எடுத்து வைங்க.

எல்லாம் சரின்னா மட்டும் கேன். ரெண்டு பிரீதரும் சேர்ந்த பிறகு, வழி ரெண்டாப் பிரியுறதுக்கு முன்னாடி மாட்டணும். அப்பதான் ரெண்டு வழி ஆவியும் கேனைத் தாண்டிப் போகும். பழைய செக் வால்வையும் பிரஷர் வால்வையும் புதுசா மாத்துங்க, எடுத்துடாதீங்க. கேன் 500 மில்லிக்குக் குறையக்கூடாது, உள்ளே தடுப்புத் தகடு இருக்கணும். வெறும் டப்பாவுக்குள்ள ஆயில் பிரியாது, இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். சிலர் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை அடைச்சுடுறாங்க. அது இழை இழையா உதிர்ந்து டர்போ வீலுக்குப் போகும். எவர்சில்வர் வலையை ரெண்டு ஓட்டைத் தகட்டுக்கு நடுவுல இறுக்கி வைங்க.

ஹோஸ் உள்விட்டம் 19 மி.மீ. இருக்கணும், அதைக் குறைச்சா கிராங்க்கேஸ்ல அழுத்தம் தேங்கும். ஹீட்டர் ஹோஸ் மட்டும் வேண்டாம்; ஆயில் பட்டா ஊதிப் பெருத்து கிளாம்ப்புலேருந்து நழுவிடும். நைட்ரைல் ரப்பர் போதும், டர்போ பக்கத்துல மட்டும் சூடு தாங்குற வைட்டான் ரப்பர். கேனை டர்போவுக்கு எட்ட, காத்துப் படுற இடத்துல, பிரீதரை விட உயரமா வைங்க. ஹோஸ் நடுவுல தொய்வு இருந்தா அங்கேயே ஆயில் தேங்கி வழியை அடைக்கும்.

கானாடுகாத்தான்_ஆர்எஸ்

செக் வால்வ் ரெண்டு பக்கமும் ஊதுது அண்ணே. வளைவு ஹோஸும் நீங்க சொன்ன அப்பளம்தான். கேன்ல சேர்றதைத் திரும்ப ஊத்திக்கலாமா?

லேத்_பட்டறை

கூடாது. அது ஆயில் மட்டுமில்ல, தண்ணியும் பெட்ரோலும் கலந்த குழம்பு. முதல்ல வால்வையும் ஹோஸையும் மாத்தி 500 கி.மீ. ஓட்டுங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே இருக்கிற பழைய ஆயிலை வடிச்சுடுங்க. அப்புறமும் ஹோஸ்ல ஈரம் வந்தா அப்ப கேனைப் பத்திப் பேசுவோம்.