டோர்ட்முண்ட்: மாசம் 150 யூரோவில் ஒரு ஆள் சமைச்சுச் சாப்பிட முடியுமா?

ரசம்சாதம்
அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனியில் டோர்ட்முண்ட் போறேன். பிளாக்டு அக்கவுண்ட்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கிற கணக்கு) இருந்து மாசம் 992 யூரோ வரும். வாடகை, இன்சூரன்ஸ் போக சாப்பாட்டுக்கு 150 ஒதுக்கலாம்னு கணக்கு. ஹாஸ்டலில் பொதுக் கிச்சன், கண்ணாடி மேல்தட்டு வச்ச கரண்ட் அடுப்பு, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு, ஃப்ரீசரில் ஒரு டிராயர். மூணு வேளையும் நம்ம சாப்பாடுதான், வாரம் ஒரு தடவை சிக்கன். 150 போதுமா? எதை எங்கே வாங்கணும்? ஊரிலிருந்து என்ன கொண்டு வரணும்?

கடுகுடப்பா
போதும். ஆனா எல்லாத்தையும் இந்தியக் கடையிலேயே வாங்கினா 200 தாண்டிடும். மூணு கடையாப் பிரிச்சுக்கோங்க.

பால், முட்டை, தயிர், எண்ணெய், உருளைக்கிழங்கு, ஃப்ரோசன் பட்டாணி, பீன்ஸ், கீரை: ஆல்டி அல்லது லிடில், ரெண்டும் மலிவு சூப்பர் மார்க்கெட். சிக்கனில் நெஞ்சுக்கறியை விட்டுட்டு தொடை வாங்குங்க, விலை பாதிக்குக் கிட்ட வரும். கொத்தமல்லி, புதினா, வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், மொத்தமா வெங்காயம்: துருக்கிக் கடை. டோர்ட்முண்டில் நோர்ட்ஷ்டாட்ங்கிற ஏரியா பக்கம் நிறைய இருக்கு. சூப்பர் மார்க்கெட்டில் கொத்தமல்லி சின்னத் தொட்டியில், ஒரு ரசத்துக்கே காணாது. துருக்கிக் கடையில் கிட்டத்தட்ட அதே விலைக்குப் பெரிய கட்டு. இந்தியக் கடைக்கு அரிசி, உளுந்து, புளி, பெருங்காயத்துக்கு மட்டும், மாசம் ஒரு தடவை. 10 கிலோ மூட்டையை ரெண்டு பேர் பிரிச்சுக்கலாம்.

ஒரு ஆளுக்கு மாசக் கணக்கு தோராயமா: அரிசி 6 கிலோ 15 யூரோ, பருப்பு 2 கிலோ 8, பால் 10 லிட்டர் 10, தயிர் 4 கிலோ 10, முட்டை 30க்கு 7, காய்கறி வெங்காயம் தக்காளி எல்லாம் 35, சிக்கன் 20, எண்ணெய் 4, தேங்காய் மசாலா 10, பழம் 15. மொத்தம் 134.

விலை அட்டையில் சின்ன எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும். பாக்கெட் விலையைப் பார்க்காம அதைப் பாருங்க. பாட்டில், கேன் விலையோட 25 சென்ட் வரை கூடப் பிடிக்கிறது டெபாசிட்தான், காலி பாட்டிலை மெஷினில் போட்டா திரும்ப வரும். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. மறந்தா ரயில்வே ஸ்டேஷன் கடைதான், அங்க விலை கொள்ளை.

றைன்கரை
தம்பி, பருப்புக்கு இந்தியக் கடைக்குப் போகத் தேவையில்லை. யேர்மன் கடையிலை ‘ரோட்ட லின்ஸன்’ எண்டு 500 கிராம் பைக்கற்றிலை இருக்கும். அது மைசூர்ப் பருப்பு. எங்கட இலங்கை ஆக்கள் பருப்பு எண்டு சொன்னாலே அதுதான். ஊற வைக்கத் தேவையில்லை, குக்கரும் வேண்டாம், 15 நிமிசத்திலை அவியும். சாம்பாருக்குத் துவரம் பருப்பு வாசம் வேணுமெண்டால் பாதிக்குப் பாதி கலவுங்கோ.

கொண்டைக்கடலை அவியாமல் கல்லு மாதிரி நிண்டால் தண்ணியிலை சுண்ணாம்பு கூட எண்டு அர்த்தம். ஊற வைக்கிற தண்ணியிலை கால் தேக்கரண்டி ‘நாட்ரோன்’ போடுங்கோ, அதுதான் சமையல் சோடா. பக்கத்திலையே ‘பாக்புல்ஃபர்’ இருக்கும். அது கேக்குக்குப் போடுறது, மாறி எடுத்துப் போடாதேங்கோ.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், துருவின தேங்காய்க்கு எங்கட தமிழ்க் கடையள். கறிவேப்பிலையைக் கழுவி, துணியிலை பரப்பி நல்லாய்க் காய விட்டு, உருவி டப்பாவிலை ஃப்ரீசருக்குள்ளை வையுங்கோ. ஈரத்தோடை வைச்சால் ஐஸ் பிடிச்சு, எண்ணெய்க்குள்ளை போடேக்கை முகத்துக்கு வெடிக்கும்.

ரசம்சாதம்
ரெண்டு பேருக்கும் நன்றி. சப்பாத்திக்கு எந்த மாவு? அலுமினியக் குக்கர் அந்த அடுப்பில் வேலை செய்யுமா? இட்லி மாவு குளிரில் புளிக்குமா?

மாவுபொங்கும்
மாவுப் பாக்கெட்டில் நம்பர் இருக்கும். 405 நம்ம மைதா மாதிரி. ‘ஃபோல்கோர்ன்’ முழுக் கோதுமை, ஆனா அரைப்பு கொரகொரப்பு, அது மட்டும் போட்டா சப்பாத்தி வறண்டு ஓரம் கிழியும். ரெண்டும் சமமாக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணியில் பிசைஞ்சு அரை மணி மூடி வைங்க. ‘டிங்கல்’னு எழுதியிருந்தா எடுக்காதீங்க. அது வேற கோதுமை, மாவு சட்டுனு பிஞ்சிடும்.

அடுப்பு ரெண்டு வகை. காந்தம் ஒட்டுற பாத்திரத்தில் மட்டும் சூடேறினா இண்டக்‌ஷன், அலுமினியம் ஆகாது. கண்ணாடிக்கு அடியில் சிவப்பா எரிஞ்சா சாதா கரண்ட் அடுப்பு, அடி சமமா இருந்தா எதுவும் ஓடும். கேஸ் பழக்கத்தில்தான் தப்பு வரும்: அணைச்சாலும் தட்டுச் சூடு குறைய நேரமாகும். முதல் விசில் வர்ற வரை அடுப்புத் திருகை 9ல் வைங்க, அப்புறம் 4. மூணாவது விசிலுக்கு முன்னாடியே அணைச்சிடுங்க, மிச்ச சூட்டில் அதுவே வரும். பால் பொங்கினா அணைக்கிறது உதவாது, பாத்திரத்தையே தூக்கணும்.

இட்லி மாவு: இட்லி அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன், 5 மணி நேரம் ஊறல். மிக்ஸியில் அரைச்சா சூடேறும், உளுந்துக்கு ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்துங்க. உளுந்து எவ்வளவு அரைச்சும் நுரைக்கலைன்னா அது பழசு, கடையை மாத்துங்க.

குளிரில் கிச்சன் 18 டிகிரிதான் இருக்கும், ராத்திரி ஹீட்டிங் குறைச்சா இன்னும் இறங்கும். வெளியே வச்சா ஒரு நாள் முழுக்க ஆகும். ஓவனை 50 டிகிரியில் ரெண்டு நிமிஷம் ஓட்டி அணைச்சிட்டு, லைட்டை மட்டும் எரிய விட்டு மாவை உள்ளே வைங்க. 10–12 மணியில் பொங்கும். பொதுக் கிச்சன்னா ஸ்டீல் பாத்திரம்தான், கதவில் ‘உள்ளே மாவு’ன்னு ஜெர்மனில் சீட்டும் ஒட்டணும். பார்க்காம எவனாவது பீட்சாவுக்கு 220ல் போட்டா பிளாஸ்டிக் டப்பா உருகி ஓவனே போச்சு.

கடுகுடப்பா
மூட்டை கட்டுறதுக்கு: சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், சின்ன மிக்ஸி. வோல்ட்டேஜ் ஒண்ணுதான், பிளக் மட்டும் சேராது, எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்க. நெய், பால்கோவா, பன்னீர் வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து கொண்டு வந்தா உள்ளே விடமாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பாங்க. கருவாட்டுக்கு மட்டும் 20 கிலோ வரை அனுமதி உண்டு, பக்கத்து ரூம்காரன் அனுமதி தனி!

நெய்க்குக் கவலை வேண்டாம், ‘பட்டர்ஷ்மால்ட்ஸ்’னு உருக்கின வெண்ணெய் எல்லாக் கடையிலும் இருக்கு. வாசம் பத்தலைன்னா உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கிச் சின்னத் தீயில் உருக்குங்க, 200 கிராம் தேறும்.

ரசம்சாதம்
பெட்டியில் ரெண்டு கிலோ நெய் எடுத்து வச்சிருந்தேன். வெளியே எடுத்தாச்சு.