நியூசிலாந்து தெற்குத் தீவு, கேம்பர்வேன், 7 இரவுகள்: திட்டம் இடிக்கிறது, எதை வெட்டலாம்?

சாரல்மழை:

வணக்கம் நண்பர்களே. நவம்பர் கடைசி வாரத்தில் நியூசிலாந்து தெற்குத் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, 5 வயது மகள், என் அம்மா. நாலு பேர் படுக்கக்கூடிய கேம்பர்வேன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பணம் இன்னும் கட்டவில்லை. கிறைஸ்ட்சர்ச்சில் காலை 11 மணிக்கு இறங்குகிறோம். எட்டாம் நாள் இரவு அங்கிருந்தே திரும்புகிறோம். இப்போதைய திட்டம்:

நாள் 1: கிறைஸ்ட்சர்ச் – டெகாப்போ ஏரி
நாள் 2: டெகாப்போ – மவுண்ட் குக் – வானாக்கா
நாள் 3: வானாக்கா – குயின்ஸ்டவுன்
நாள் 4: குயின்ஸ்டவுன் – மில்ஃபோர்ட் சவுண்ட் – குயின்ஸ்டவுன்
நாள் 5: குயின்ஸ்டவுன் – ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு
நாள் 6: ஃபிரான்ஸ் ஜோசஃப் – புனகைக்கி
நாள் 7: புனகைக்கி – ஆர்தர்ஸ் பாஸ் – கிறைஸ்ட்சர்ச்

ஒவ்வொரு நாளையும் தனியாக மேப்பில் போட்டுப் பார்த்தால் முடிகிற மாதிரிதான் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 2,000 கி.மீ. வருகிறது. "இது டூரா, லாரி ஓட்டுற வேலையா?" என்கிறாள் மனைவி. அவளுக்கு டெகாப்போவில் லூபின் பூக்களைப் பார்க்க வேண்டும், எனக்கு மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட், அம்மாவுக்குப் பனியாறு. எதையும் விட மனமில்லை. இன்னொன்று, ஏரிக்கரையில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தூங்கலாமா? படங்களில் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை_நாயகன்:

நாலாம் நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் ப்ரோ. குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் 290 கி.மீ. அருகில் வரும். போக வர 580. மேப் ஒரு வழிக்கு 4 மணி நேரம் என்று சொல்லும், அது காருக்கு. 3,500 கிலோவுக்கு மேல் எடை பதிவான வண்டிக்கு அங்கே உச்ச வேகமே 90 கி.மீ.தான். வளைவு, மேடு, பின்னால் சேர்ந்துவிட்ட கார்களுக்கு ஒதுங்கி வழிவிடுவது எல்லாம் சேர்ந்தால் 5 மணி நேரம் ஆகும். படகுச் சவாரிக்கு 2 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம், அதுவும் 5 வயதுக் குழந்தையோடு. வேண்டாம்.

தேன்மொழி_அக்கா:

தம்பி, முதல் நாளிலிருந்தே பார்ப்போம். 11 மணிக்கு இறங்கினாலும் 11 மணிக்கு வெளியே வந்துவிட மாட்டீர்கள். குடியேற்றம், பெட்டி, அப்புறம் உணவுப்பொருள் சோதனை. வண்டி டெப்போவில் கழிவறைக் கேசட்டை (கழிவு சேரும் பெட்டி) எப்படிக் கழற்றுவது, தண்ணீர் எங்கே நிரப்புவது, கேஸை எப்படி மூடுவது என்று காட்டவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு கடைக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். விமானத்தில் தூக்கம் கெட்ட உடம்போடு, பழக்கமில்லாத 7 மீட்டர் வண்டியில், மூன்று மணி நேரம் தாண்டும் டெகாப்போவுக்கு அன்றைக்கே போவானேன்? முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே ஏதாவது ஹாலிடே பார்க்கில் (கேம்பர்வேன்கள் கட்டணம் கட்டித் தங்கும் முகாம்) தங்குங்கள். டெப்போக்கள் பெரும்பாலும் மாலை 4, 4:30 மணிக்கே மூடிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். விமானம் தாமதமானால் வண்டி மறுநாள்தான்.

அடுத்தது மவுண்ட் குக். அதை "வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிற" இடமாகப் போட்டிருக்கிறீர்கள். அது நெடுஞ்சாலை மேல் இல்லை. புகாகி ஏரிக்கரையில் பிரிந்து 55 கி.மீ. உள்ளே போய், அதே வழியில் திரும்ப வேண்டும். அந்த 55 கி.மீ.தான் மொத்தப் பயணத்திலேயே அழகான சாலை என்று நான் சொல்வேன். இடது பக்கம் மலைச்சரிவு, வலது பக்கம் பால் கலந்த நீல நிறத்தில் ஏரி, நேர் எதிரே 3,724 மீட்டர் உயரத்துக்கு மவுண்ட் குக் சிகரம், மாவோரி மொழியில் அவுராக்கி. பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவந்து கொட்டுவதால் வரும் நிறம் அந்த ஏரிக்கு. காலையில் மேகம் மூடியிருந்து மாலையில் திறக்கும், அல்லது நேர்மாறாக நடக்கும். அதனால் அங்கே ஓர் இரவு தங்கினால்தான் சிகரத்தைப் பார்க்க இரண்டு வாய்ப்பு. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வைட் ஹார்ஸ் ஹில் முகாம் சிகரத்தின் காலடியிலேயே இருக்கிறது. கரண்ட் கிடையாது, ஆனால் ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. போக வர 10 கி.மீ., பெரும்பாலும் சமதளம். பாலப் பராமரிப்புக்காக ஒரு பகுதியை மூடிவைப்பதுண்டு, கிளம்பும் முன் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

பச்சை_ஸ்டிக்கர்:

"எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமா" என்ற கேள்விக்கு: முடியாது. அந்தப் படங்களில் இருக்கும் பாதிப் பேர் பகலில் டீ போட நிறுத்தினவர்கள்.

கட்டணமில்லாத இடத்தில் இரவு தங்க, வண்டிக்குத் 'தன்னிறைவு' சான்று வேண்டும். 2023 சட்டத்துக்குப் பிறகு அது பச்சை நிற அட்டை. வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறை இருந்தால்தான் கிடைக்கும். மடக்கி வைக்கிற சின்னக் கழிவறையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மூன்று நாளுக்குத் தேவையான தண்ணீர், அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் பிடிக்கிற தொட்டியும், அதே அளவுக்குக் கழிவுநீர்த் தொட்டியும் இருக்க வேண்டும்.

அட்டை இருந்தாலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி விதி. சுற்றுலாக்காரர் குவியும் ஊர்களில் கெடுபிடி அதிகம், அபராதம் 400 டாலரிலிருந்து ஆரம்பம். வாடகை நிறுவனம் அதை உங்கள் கார்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, அதற்குச் சேவைக் கட்டணமும் போடும். இருள் கவிந்த பிறகு இடம் தேடாதீர்கள். எந்த இரவு எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் பார்க்கிற இடங்கள் தானாக அமையும். இரண்டு இரவுக்கு ஒருமுறை கரண்ட் உள்ள ஹாலிடே பார்க் இருக்கட்டும். குளியல், துணி துவைப்பு, தொட்டி காலி செய்வது எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.

சாரல்மழை:

நன்றி அக்கா, நன்றி நண்பர்களே. அப்படியானால் டெகாப்போ, மவுண்ட் குக் இரண்டிலும் ஓர் இரவு. மில்ஃபோர்டுக்கு, வழியில் இருக்கிற டெ அனாவ் ஊரில் தங்கிப் போகிறேன். ஆனால் இப்படிப் போட்டால் மேற்குக் கரைக்கு நாளே இல்லையே? அம்மாவிடம் பனியாறு காட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.

மேற்குக்கரை_வாசி:

நான் இங்கே மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. வெட்டுவதானால் மில்ஃபோர்டை வெட்டுங்கள். வானாக்காவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கு இறங்குகிற சாலை மாதிரி தெற்குத் தீவில் வேறில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் காய்ந்த புல்மலையிலிருந்து மழைக்காட்டுக்குள் போய்விடுவீர்கள். மில்ஃபோர்டுக்குப் போன வழியிலேயே திரும்ப வேண்டும். இது வட்டப் பாதை, திரும்பி ஓட்டுவதே இல்லை. வண்டியும் கிறைஸ்ட்சர்ச்சிலேயே முடியும்.

ஆனால் பனியாறுக்காக மட்டும் என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபாக்ஸ் பனியாற்றுக்குப் போகும் சாலை 2019-ல் மழையிலும் நிலச்சரிவிலும் போனது போனதுதான். ஃபிரான்ஸ் ஜோசஃபில் பள்ளத்தாக்கின் இந்த முனையில் நின்று தொலைவில் பார்க்கலாம், அவ்வளவுதான். பனியில் கால் வைக்க ஹெலிகாப்டர் வேண்டும். மழை மேகம் இறங்கிவிட்டால் அதுவும் பறக்காது, மேற்குக் கரையில் மேகம் இறங்காத நாள் குறைவு.

தேன்மொழி_அக்கா:

மேற்குக்கரை அண்ணா சொல்வது சரிதான், ஹாஸ்ட் சாலை அருமையானது. ஆனால் அம்மாவுக்குப் பனியாறுதான் முக்கியம் என்றால் அது மவுண்ட் குக்கிலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் மிக நீளமான பனியாறு டாஸ்மான், அங்கேதான். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து படியேறினால் அரை மணி நேரத்துக்குள் பார்வை மேடை வந்துவிடும். கீழே சாம்பல் நிற ஏரி, அதில் மிதக்கும் பனிக்கட்டிகள், அந்தக் கோடியில் பனியாற்றின் முகப்பு. படிகள் கொஞ்சம் செங்குத்து, அம்மா நின்று நின்று ஏறட்டும்.

அப்புறம் லூபின். நவம்பர் கடைசி நல்ல நேரம். அங்கே அது வெளியிலிருந்து வந்த களை, ஆற்றுப்படுகைகளை மூடிப் பறவைகளின் கூடுகட்டும் இடத்தைக் கெடுக்கிறது. பார்த்துப் படம் எடுங்கள், விதைகளைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகாதீர்கள்.

நெடுஞ்சாலை_நாயகன்:

வட்டமாகச் சுற்ற வேண்டும் என்று யார் சொன்னது? கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்து குயின்ஸ்டவுனில் விடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களுக்கு இரண்டு ஊரிலும் டெப்போ உண்டு. ஒருவழிக் கட்டணம் கேட்பார்கள், ஆனால் 500 கி.மீ. திரும்பி ஓட்டும் டீசலும் ஒரு நாளும் மிச்சம். டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டு வரி தனியாக உண்டு, பெட்ரோல் பங்கில் காட்டும் விலையில் அது சேராது. நிறுவனம் கடைசியில் கி.மீ. கணக்குப் போட்டு வாங்கும். குயின்ஸ்டவுன் – கிறைஸ்ட்சர்ச் விமானம் ஒரு மணி நேரம்தான். அதையும் வெளிநாட்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். குயின்ஸ்டவுன் விமான நிலையம் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. மேகம் இறங்கினால் விமானம் ரத்தாகும், தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தின் பணம் போச்சு.

சாரல்மழை:

இது தோன்றவே இல்லை அண்ணா! மறுபடி எழுதிவிட்டேன்:

1 கிறைஸ்ட்சர்ச், 2 டெகாப்போ, 3 மவுண்ட் குக், 4 வானாக்கா, 5 மற்றும் 6 டெ அனாவ் (நடுவில் மில்ஃபோர்ட்), 7 குயின்ஸ்டவுன். எட்டாம் நாள் காலை வண்டியை ஒப்படைத்துவிட்டு விமானம்.

மேற்குக்கரை அண்ணா, மன்னிக்கவும், ஹாஸ்ட் அடுத்த முறை. மில்ஃபோர்ட் சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்? வண்டியில் சோறு, சாம்பார் வைக்க முடியுமா? எலக்ட்ரிக் குக்கர் எடுத்து வரலாம் என்கிறார் அம்மா.

மேற்குக்கரை_வாசி:

மன்னித்தேன். டெ அனாவிலிருந்து மில்ஃபோர்ட் 120 கி.மீ. டீசலை டெ அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மொபைல் சிக்னல் கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வையுங்கள். காலை 7 மணிக்குள் கிளம்பினால் எக்ளின்டன் பள்ளத்தாக்கில் மூடுபனி விலகுவதைப் பார்க்கலாம், மிரர் லேக்ஸில் காற்று கிளம்புவதற்கு முன் மலை தலைகீழாகத் தெரியும். சுற்றுலாப் பேருந்துகள் மதியத்தை ஒட்டித்தான் வந்து சேரும், அதற்கு முன் படகேறிவிடுங்கள். மழை என்றால் பதறாதீர்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர் மழை பெய்கிற இடம் அது, மழை நாளில்தான் பாறைச் சுவர் முழுக்க அருவிகள் தொங்கும்.

ஹோமர் சுரங்கம் 1.2 கி.மீ. நீளம், 1954-ல் திறந்தது, உள்ளே வெட்டின பாறை அப்படியே தெரியும். கூட்ட நேரத்தில் சிக்னல் போட்டு ஒரு பக்கமாக விடுவார்கள். அந்தக் காத்திருப்பில் கியா கிளிகள் வந்து வண்டி மேல் உட்காரும். பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு. மகள் குதிப்பாள். ஆனால் அது ஜன்னல் ரப்பரை அலகால் நெம்பி உரித்துக்கொண்டு போய்விடும். தீனி போடக் கூடாது, வண்டியை விட்டுத் தூரமாகவும் போகாதீர்கள். கடித்து ஊறல் எடுக்க வைக்கும் சாண்ட்ஃபிளை மில்ஃபோர்டிலும் உண்டு. ஒரே இடத்தில் நின்றால் மொய்க்கும், நடந்தால் விட்டுவிடும். பூச்சித் தடுப்பு மருந்தை அங்கேயே வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டி மட்டும் போகிற ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் முதலில் நீங்கள்.

பச்சை_ஸ்டிக்கர்:

எலக்ட்ரிக் குக்கர் கரண்ட் உள்ள இடத்தில் மட்டும்தான் ஓடும். மைக்ரோவேவ், கெட்டில் கதையும் அதுதான். வண்டி பேட்டரி விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப்புக்குத்தான் தாங்கும். மவுண்ட் குக்கில் கேஸ் அடுப்புதான், சின்ன பிரஷர் குக்கர் போதும். தாளிக்கும்போது கதவையும் கூரை ஜன்னலையும் திறந்து வையுங்கள், கடுகு வெடித்ததும் புகை அலாரம் கத்தி முகாமையே எழுப்பிவிடும். கிளம்புவதற்கு முன் எல்லா இழுப்பறையும் கிளிக் என்று பூட்டியிருக்கிறதா என்று ஒருவர் கை வைத்துப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் முதல் ரவுண்டானாவிலேயே தட்டு, கரண்டி எல்லாம் தரையில் இருக்கும்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். 7 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம். நாலு படுக்கை இருந்தால் நாலு பெல்ட் இருக்கும், ஆனால் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி எல்லா இருக்கையிலும் இருக்காது. எந்த இருக்கை என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, ஒரு படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும், ஏணி ஏற வேண்டும். அம்மா கீழே படுக்க வேண்டுமானால் சாப்பாட்டு மேசையைத் தினமும் இறக்கிப் படுக்கையாக்க வேண்டியது நீங்கள்தான்.

சாரல்மழை:

கொக்கி விஷயம் கேட்டு எழுதிவிட்டேன். நான் பார்த்து வைத்த வண்டியில் குழந்தை இருக்கை போட இடமே இல்லையாம்! ஆறு படுக்கை வண்டியில்தான் இருக்கிறதாம். அதையே போடுகிறேன், அம்மாவுக்கும் நிரந்தரக் கீழ்ப் படுக்கை கிடைக்கும். கடைசியாக ஒன்று: புளியோதரைப் பொடி, ஊறுகாய், முறுக்கு கொண்டுபோகலாமா?

தேன்மொழி_அக்கா:

எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று குறித்துவிடுங்கள் தம்பி. குறித்தால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், கூடாததை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. குறிக்காமல் ஒரு ஆப்பிள் பையில் இருந்தால்கூட 400 டாலர். விமானத்தில் தரும் பழமும் இதில் சேரும். கடையில் வாங்கின, மூடி பிரிக்காத பாக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வையுங்கள். தேன் வேண்டவே வேண்டாம். நடைக் காலணிகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், அடியில் மண் இருந்தால் அதையும் நிறுத்திப் பார்ப்பார்கள்.